இரண்டாவது மானிட்டர் மாட்டியதும் சூடாகும் கிராபிக்ஸ் கார்டு: மெமரி க்ளாக்கை இறக்கும் வழிகள்

கணினியில் எதுவும் ஓடவில்லை, டெஸ்க்டாப் மட்டும் திறந்திருக்கிறது. ஆனாலும் கிராபிக்ஸ் கார்டு 55 டிகிரியில் நிற்கிறது. ஃபேன் சில நிமிடத்துக்கு ஒருமுறை சுழல்வதும் நிற்பதுமாக இருக்கிறது. இரண்டாவது மானிட்டரை அணைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் 40-க்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. உங்கள் கார்டில் இதே அறிகுறி என்றால் தெர்மல் பேஸ்ட் வாங்க ஓட வேண்டாம், கேபினெட்டில் ஃபேன் சேர்க்கவும் வேண்டாம். கார்டின் மெமரி முழு வேகத்திலிருந்து இறங்க முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை இறங்க வைத்துவிட்டால் சூடு தானாகக் குறையும்.

மெமரி ஏன் இறங்க மறுக்கிறது என்று புரிந்துகொண்டால் பின்னால் வரும் படிகளில் எது உங்களுக்குத் தேவை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அதனால் காரணத்தை முதலில் பார்த்துவிடுவோம்.

மானிட்டருக்குப் படம் மேலிருந்து கீழாக, வரி வரியாகப் போகிறது. கடைசி வரி முடிந்து அடுத்த ஃபிரேமின் முதல் வரி தொடங்கும் வரை ஒரு சின்ன இடைவெளி உண்டு. அதற்கு விபிளாங்க் என்று பெயர். எச்டிஎம்ஐ வழியாக வரும் வழக்கமான 1080பி 60 ஹெர்ட்ஸ் சிக்னலில் ஒரு ஃபிரேமுக்கு மொத்தம் 1125 வரிகள். கண்ணுக்குத் தெரிவது 1080, மீதி 45 வரி இடைவெளி. ஒரு ஃபிரேமின் 16.67 மில்லிசெகண்டில் இது ஏறத்தாழ 0.67 மில்லிசெகண்ட்.

கார்டின் மெமரி ஒரு வேகத்திலிருந்து இன்னொரு வேகத்துக்கு மாறும்போது மெமரி சிப்புகளும் கன்ட்ரோலரும் புது வேகத்தில் ஒத்துப்போகச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் மெமரியிலிருந்து எதையும் படிக்க முடியாது. மானிட்டருக்குப் படம் அனுப்பும் பகுதியின் கையிருப்பில் கொஞ்சம் வரிகள்தான் இருக்கும். அது தீர்ந்துபோனால் திரையில் வெள்ளைக்கோடு மின்னும், அல்லது ஒரு கணம் கருப்பாகும். இதைத் தவிர்க்கத்தான் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர், வேக மாற்றத்தை விபிளாங்க் இடைவெளிக்குள் முடிக்கப் பார்க்கிறது.

ஒரு மானிட்டர் இருந்தால் இதில் சிக்கல் இல்லை. இரண்டு இருந்தால், ஒன்று இடைவெளியில் இருக்கும்போது மற்றது படத்தின் நடுவில் இருக்கும். ஒன்று நொடிக்கு 144 ஃபிரேம் (144 ஹெர்ட்ஸ்), மற்றது 60 என்று ஓடினால் இரண்டின் இடைவெளிகளும் ஒன்றாக வந்து சேரும் என்று நம்பி இருக்க முடியாது. அதனால் டிரைவர் பாதுகாப்பான முடிவை எடுக்கிறது: மெமரியை முழு வேகத்திலேயே விட்டுவிடுகிறது. லினக்ஸில் உள்ள ஏஎம்டி டிரைவரின் மூலநிரல் எல்லோரும் படிக்கக்கூடியது. மின் நுகர்வைக் கவனிக்கும் அதன் பழைய பவர்பிளே பகுதியில் இந்த விதி அப்படியே இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட மானிட்டர்கள் இருந்து அவை ஒத்திசைவில் இல்லை என்றால், அல்லது விபிளாங்க் போதிய நீளம் இல்லை என்றால், மெமரி வேக மாற்றத்தை நிறுத்து என்பதே அந்த விதி. இந்தக் கட்டுரையின் பாதித் தீர்வுகள் அந்த இரண்டு நிபந்தனைகளைச் சரிசெய்வதுதான்.

இரண்டு திரைக்கு மெமரியின் குறைந்த வேகம் பத்தாது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. 2560 x 1440 திரையை 144 ஹெர்ட்ஸில் ஓட்ட நொடிக்குச் சுமார் 2.1 ஜிகாபைட் படித்தால் போதும். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு 2 ஜிகாபைட். ஆர்டிஎக்ஸ் 3060-இன் மெமரி ஓய்வு வேகத்தில் இருக்கும்போதே நொடிக்கு 19 ஜிகாபைட் தரும். ஆகவே கார்டுக்குத் திறன் போதவில்லை என்று எண்ணிப் பெரிய கார்டுக்கு மாறுவது தீர்வு ஆகாது. பெரிய கார்டில் மெமரி சிப்புகள் அதிகம் என்பதால் இதே சிக்கல் அங்கே இன்னும் அதிக வாட்டைத் தின்னும். ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் 2022 டிசம்பரில் வந்தபோது, இரண்டு மானிட்டரோடு சும்மா இருக்கும் நிலையிலேயே 100 வாட் வரை இழுத்தது.

அளவெடுப்பது

கார்டின் வேகத்தையும் சூட்டையும் காட்டும் மென்பொருள்களான ஜிபியு-இசட், எச்டபிள்யூஇன்ஃபோ, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் போதும். மூன்றையும் சேர்த்துத் திறந்தால் அவை கார்டைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பதால் கார்டு தூங்காது. ஒன்றைத் திறந்து, புதுப்பிக்கும் இடைவெளியை 2 நொடி அல்லது அதற்கு மேல் வையுங்கள்.

ஒரே வேகத்தை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு எண்ணாகக் காட்டும். ஆர்டிஎக்ஸ் 3060-இன் முழு மெமரி வேகம் ஆஃப்டர்பர்னரில் 7500, ஜிபியு-இசட்டில் 1875. ஓய்வில் முன்னது 405 என்றும் பின்னது 101 என்றும் காட்டும். ஜிடிடிஆர்6எக்ஸ் என்ற வகை மெமரி உள்ள கார்டுகளில் அதே 405 ஜிபியு-இசட்டில் 51 ஆகத் தெரியும். எந்த மென்பொருளில் தொடங்குகிறீர்களோ அதிலேயே கடைசிவரை பாருங்கள். இல்லையென்றால் வேகம் குறைந்துவிட்டது என்று பொய்யாக நம்பிவிடுவீர்கள்.

எல்லா நிரல்களையும் மூடிவிட்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். கோர் க்ளாக் (முதன்மைச் சிப்பின் வேகம்), மெமரி க்ளாக் (மெமரியின் வேகம்), போர்டு பவர் (கார்டு இழுக்கும் வாட்), வெப்பநிலை நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விண்டோஸ் கீயையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி, "பிசி ஸ்கிரீன் ஒன்லி" என்பதைத் தேர்ந்தெடுங்கள். கேபிளைப் பிடுங்காமலே இரண்டாவது திரை கணக்கிலிருந்து விலகிவிடும். மூன்று நிமிடம் விட்டு மறுபடி நான்கையும் குறியுங்கள்.

ஒற்றைத் திரையில் மெமரி இறங்கி, இரட்டைத் திரையில் இறங்காவிட்டால் மேலே சொன்ன ஒத்திசைவுச் சிக்கல்தான். ஒற்றைத் திரையிலும் இறங்கவில்லை என்றால், பின்னணியில் ஏதோ ஒரு நிரல் கார்டை எழுப்பி வைத்திருக்கிறது, அல்லது அந்த ஒற்றைத் திரையின் விபிளாங்கே மிகச் சின்னது. மெமரி இறங்கிவிட்டது, கோர் க்ளாக் மட்டும் ஏறி இறங்குகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், நிரல்தான்.

லினக்ஸில் என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் டிரைவரோடு வரும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையை ஓட்டினால் பெர்ஃப் என்ற பத்தியில் பி8 அல்லது பி0 என்று வரும். பி8 ஓய்வு, பி0 முழு வேகம்.

முதலில் நிரல்களை விலக்குங்கள்

டாஸ்க் மேனேஜரில் பத்தித் தலைப்பின் மேல் ரைட் க்ளிக் செய்து ஜிபியு, ஜிபியு இன்ஜின் இரண்டு பத்திகளையும் சேருங்கள். ஜிபியு பத்தியின்படி வரிசைப்படுத்திவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். அடிக்கடி மாட்டும் ஆட்கள்: அசையும் வால்பேப்பர், கேம் லாஞ்சர்களின் முகப்புப் பக்கம், அனிமேஷன் ஓடும் பிரவுசர் டேப், ஆர்ஜிபி விளக்குகளைக் கட்டுப்படுத்தும் மென்பொருள், திரையில் நடப்பதை எப்போதும் பதிவுசெய்துகொண்டே இருக்கும் இன்ஸ்டன்ட் ரீப்ளே. கடைசியில் சொன்னது என்விடியா, ஏஎம்டி இரண்டின் மென்பொருளிலும் உண்டு. அது இயங்கும்வரை வீடியோ என்கோடர் ஓய்வெடுக்காது.

என்விடியா கன்ட்ரோல் பேனலில் மேனேஜ் 3டி செட்டிங்ஸ் பக்கத்தில் குளோபல் பகுதிக்குப் போய், பவர் மேனேஜ்மென்ட் மோட் "பிரிஃபர் மேக்சிமம் பெர்ஃபார்மன்ஸ்" என்று இருக்கிறதா பாருங்கள். யூடியூபில் யாரோ சொன்னார்கள் என்று பலர் இதைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். குளோபலில் அது நார்மலாகத்தான் இருக்க வேண்டும். ஏதாவது ஒரு கேமுக்கு அவசியம் என்றால் புரோகிராம் செட்டிங்ஸில் அந்த கேமுக்கு மட்டும் போடுங்கள்.

என்விடியா கார்டைக் கணக்கீட்டு வேலைக்குப் பயன்படுத்த உதவும் குடாவில் ஓடும் நிரல்கள் தனி ரகம். வீடியோ எடிட்டரோ, கணினியிலேயே ஓடும் ஏஐ மாடலோ பின்னணியில் சும்மா திறந்திருந்தாலே ஜிஃபோர்ஸ் கார்டு பி8-க்கு இறங்காமல் நின்றுவிடக்கூடும். வேலை முடிந்ததும் மினிமைஸ் செய்யாமல் முழுதாக மூடிவிடுங்கள்.

இரண்டு திரைக்கும் ஒரே தாளம்

இப்போது முக்கியமான படி. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போங்கள். மேலே மானிட்டரைத் தேர்ந்தெடுத்து ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றலாம். முதலில் சோதனைக்காக இரண்டையும் 60-க்கு இறக்குங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை 60-இல் ஓட்டச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம், காரணத்தை உறுதிசெய்ய மட்டும்தான் இது. மெமரி இறங்கிவிட்டால், கார்டும் டிரைவரும் நன்றாக இருக்கின்றன, டைமிங் மட்டும்தான் பிரச்சினை என்று தெளிவாகிவிடும்.

பிறகு ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள்: 120 + 60, 120 + 120, 144 + 144, 144 + 60. ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் காத்திருந்து மெமரி வேகத்தைக் குறியுங்கள். 144 + 60-இல் இறங்காத பல கார்டுகள் 120 + 60-இல் இறங்கிவிடுகின்றன. சில கார்டுகளில் அதுவும் பலிக்காது, சோதித்தால்தான் தெரியும். டெஸ்க்டாப் வேலையில் 144-க்கும் 120-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கடினம், எனவே 120-இல் பலித்தால் அங்கேயே நின்றுவிடுவதே நல்லது. கேம் தொடங்கும்போது 144 வேண்டும் என்றால் பெரும்பாலான கேம்களில் ஃபுல்ஸ்கிரீன் அமைப்புக்குள்ளேயே ரெஃப்ரெஷ் ரேட்டைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒரே மாடலில் இரண்டு மானிட்டர் வாங்கி, இரண்டையும் 60-இல் வைத்தும் மெமரி இறங்கவில்லை என்று புலம்புகிறவர்கள் உண்டு. அப்போது கேபிளைப் பாருங்கள். ஒன்று எச்டிஎம்ஐ-யிலும் மற்றது டிஸ்ப்ளேபோர்ட்டிலும் இருக்கும். மானிட்டர் ஒன்றேயானாலும் இரண்டு போர்ட்டுகளிலும் அது தரும் டைமிங் வேறாக இருக்கலாம். 1080பி 60-க்கு எச்டிஎம்ஐ பக்கம் இடைவெளியும் சேர்த்து 2200 x 1125 மொத்த அளவும் 148.5 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் க்ளாக்கும் (பிக்சல்கள் அனுப்பப்படும் வேகம்) வரும். டிஸ்ப்ளேபோர்ட் பக்கம் 2080 x 1111-உம் 138.5 மெகாஹெர்ட்ஸும் வரலாம். விண்டோஸ் இரண்டையும் 60 என்றே எழுதும், ஆனால் டிரைவருக்கு அவை இரண்டு வெவ்வேறு தாளங்கள். இரண்டு மானிட்டரையும் ஒரே வகைப் போர்ட்டில், முடிந்தால் டிஸ்ப்ளேபோர்ட்டில், மாட்டுங்கள். பட்டியலில் 59.94, 60 என்று இரண்டும் இருந்தால் இரு திரைக்கும் ஒன்றையே தேர்ந்தெடுங்கள்.

ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்கள் இதோடு, கார்டின் ஃபிரேம் வேகத்துக்கு ஏற்ப மானிட்டரின் ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றும் ஃப்ரீசிங்கையும் போட்டுப் பாருங்கள். மானிட்டரின் சொந்த மெனுவிலும் ஏஎம்டியின் அட்ரினலின் மென்பொருளிலும் இரண்டு இடத்திலும் போட வேண்டும். ஃப்ரீசிங் வேலை செய்வதே விபிளாங்கை நீட்டித்துத்தான் என்பதால், மெமரி வேகம் மாற டிரைவருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. ஆர்எக்ஸ் 7000 வரிசையில் இதன் பலன் கண்கூடு. 7900 எக்ஸ்டிஎக்ஸ் பிரச்சினையை ஏஎம்டி தன் டிரைவர் குறிப்புகளிலேயே தெரிந்த குறையாகப் பட்டியலிட்டு, 2023-இல் வந்த டிரைவர்களில் படிப்படியாகக் குறைத்தது. அந்த வரிசைக் கார்டில் பழைய டிரைவரை வைத்துக்கொண்டு கீழே உள்ள வழிகளில் இறங்குவது வீண் வேலை. முதலில் டிரைவரைப் புதுப்பியுங்கள்.

விபிளாங்கை நீட்டுவது

அதிக ரெஃப்ரெஷ் ரேட் மானிட்டர்களில் விபிளாங்க் மிகவும் குறுகலாக இருப்பதுண்டு. 2560 x 1440, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்று மொத்தம் 1481 வரிகள் என்ற டைமிங்கில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 41 வரிதான், நேரத்தில் 0.19 மில்லிசெகண்ட். சிவிடி ரெட்யூஸ்டு பிளாங்க் என்ற தரநிலையோ குறைந்தது 0.46 மில்லிசெகண்ட் கேட்கிறது. அந்தக் கணக்கில் மொத்த வரிகள் 1543, பிக்சல் க்ளாக் சுமார் 604 மெகாஹெர்ட்ஸ். படத்தின் அளவும் மாறாது, ரெஃப்ரெஷ் ரேட்டும் மாறாது, இடைவெளி மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் நீளும்.

என்விடியாவில் இதற்கு வேறு மென்பொருள் தேவையில்லை. கன்ட்ரோல் பேனலில் சேஞ்ச் ரெசல்யூஷன், கஸ்டமைஸ், கிரியேட் கஸ்டம் ரெசல்யூஷன் என்று போங்கள். ரெசல்யூஷனையும் ரெஃப்ரெஷ் ரேட்டையும் இப்போது இருப்பது போலவே வைத்து, டைமிங் ஸ்டாண்டர்டில் "சிவிடி ரெட்யூஸ்டு பிளாங்க்" தேர்ந்தெடுத்து டெஸ்ட் அழுத்துங்கள். படம் ஒழுங்காக வந்தால் சேமியுங்கள். வராவிட்டால் எதையும் தொடாமல் காத்திருங்கள், சில நொடிகளில் பழைய நிலைக்குத் தானாகத் திரும்பிவிடும்.

ஏஎம்டிக்கு சிஆர்யு என்ற இலவசக் கருவி வசதியானது. மேலே உள்ள பட்டியலில் சரியான மானிட்டரைத் தேர்ந்தெடுங்கள். டீட்டெய்ல்டு ரெசல்யூஷன்ஸ் பகுதியில் ஒன்றைச் சேர்த்து, டைமிங்கை "சிவிடி-ஆர்பி ஸ்டாண்டர்ட்" என்று வையுங்கள். அதைப் பட்டியலின் உச்சிக்கு நகர்த்தி ஓகே கொடுங்கள். பிறகு அதே ஃபோல்டரில் இருக்கும் ரீஸ்டார்ட்64 நிரலை ஓட்டினால் டிரைவர் மட்டும் மறுதொடக்கம் ஆகும். 15 நொடி கழித்தும் திரை வராவிட்டால் எஃப்8 அழுத்துங்கள், உங்கள் மாற்றங்கள் தற்காலிகமாக விலக்கப்பட்டுப் படம் திரும்பும். அதுவும் ஆகாவிட்டால் விண்டோஸை சேஃப் மோடில் திறந்து, அந்த ஃபோல்டரிலேயே இருக்கும் ரீசெட்-ஆல் நிரலை ஓட்டுங்கள். தொடங்கும் முன்பே அந்த ஃபோல்டரை டெஸ்க்டாப்பில் எளிதாகக் கை எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள்.

இங்கே இரண்டு இடத்தில் கால் இடறும். முதலாவது, டிஸ்ப்ளேபோர்ட் 1.2-இன் உண்மையான கொள்ளளவு நொடிக்கு 17.28 ஜிகாபிட். 604 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் 8 பிட் நிறத்தில் சுமார் 14.5 ஜிகாபிட் எடுக்கும், தாராளமாகப் போகும். 10 பிட் வைத்திருந்தால் 18.1 ஆகிவிடும், போகாது. திரை கருப்பாவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். 8 பிட்டுக்கு மாற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். இரண்டாவது, 4கே 144 போன்ற, சிக்னலைச் சுருக்கி அனுப்பும் டிஎஸ்சி முறையைப் பயன்படுத்தும் மானிட்டர்களில், முக்கியமாக என்விடியாவோடு, சிஆர்யு மாற்றங்கள் செல்லுபடியாகாது. அங்கே இந்த வழியில் நேரம் செலவிட வேண்டாம்.

இரண்டாவது மானிட்டரை மதர்போர்டுக்கு மாற்றுங்கள்

மேலே சொன்னவை எல்லாம் டிரைவரின் தயவை நம்பியவை. டிரைவரைப் பற்றிக் கவலையே படாத வழி ஒன்று உண்டு, பலருக்கு அது நினைவுக்கே வருவதில்லை. பிராசசரில் உள்ள கிராபிக்ஸை இயக்கி, இரண்டாவது மானிட்டரை மதர்போர்டின் எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட்டில் மாட்டிவிடுவது. கிராபிக்ஸ் கார்டைப் பொறுத்தவரை அதற்கு ஒரே மானிட்டர்தான். மெமரி அழகாக இறங்கிவிடும். முதன்மைத் திரை 144, 165 என்று எதில் ஓடினாலும் இரண்டாவது 60-இல் இருக்கலாம். மெயில், அரட்டை, பாட்டு, ஆவணம் என்று இரண்டாவது திரையில் நடக்கும் வேலைக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது என்பது எங்கள் கருத்து.

பிராசசரில் கிராபிக்ஸ் இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. இன்டெலில் 12400எஃப் போல எஃப் எழுத்தில் முடிபவற்றில் கிடையாது. ரைசன் 5000 டெஸ்க்டாப் வரிசையில் 5600ஜி போல ஜி எழுத்து இருந்தால் உண்டு, 5600, 5600எக்ஸ் போன்றவற்றில் இல்லை. ரைசன் 7000 டெஸ்க்டாப் பிராசசர்களில் 7500எஃப் போன்ற சிலவற்றைத் தவிர எல்லாவற்றிலும் உண்டு.

தனிக் கார்டு மாட்டியதும் பல மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். கணினி தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் இயக்க வேண்டும். ஏசூஸ் போர்டில் ஐஜிபியு மல்டி-மானிட்டர், எம்எஸ்ஐயில் ஐஜிடி மல்டி-மானிட்டர், ஜிகாபைட்டில் இன்டர்னல் கிராபிக்ஸ் என்ற பெயர்களில் தேடுங்கள். அதே இடத்தில் முதன்மை டிஸ்ப்ளேவாகத் தனிக் கார்டே இருக்கட்டும். விண்டோஸ் தொடங்கியதும் உள் கிராபிக்ஸுக்கான டிரைவரை இன்டெல் அல்லது ஏஎம்டி தளத்திலிருந்து நிறுவுங்கள்.

பிறகு செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் பக்கத்தில் உங்கள் கேம்களையும் எடிட்டிங் மென்பொருளையும் சேர்த்து "ஹை பெர்ஃபார்மன்ஸ்" என்று குறித்துவிடுங்கள். இல்லையென்றால் சில நிரல்கள் தவறுதலாக உள் கிராபிக்ஸில் ஓடி, ஃபிரேம் ரேட் பாதாளத்துக்குப் போகும். கேமை முதன்மைத் திரையிலேயே வையுங்கள். அதை இரண்டாவது திரைக்கு இழுத்தால் ஒவ்வொரு ஃபிரேமும் கார்டிலிருந்து சிஸ்டம் மெமரி வழியாக உள் கிராபிக்ஸுக்கு நகலெடுக்கப்பட்டுத்தான் திரைக்குப் போகும், தடுமாற்றம் தெரியும். உள் கிராபிக்ஸ் உங்கள் ரேமில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி ரேம் வைத்திருப்பவர்களுக்கு அது உறைக்கும், 16 ஜிபி இருந்தால் கவலையில்லை.

கட்டாயப்படுத்தி இறக்குவது

உள் கிராபிக்ஸும் இல்லை, டைமிங் மாற்றமும் பலிக்கவில்லை என்றால் என்விடியா கார்டுகளுக்கு என்விடியா இன்ஸ்பெக்டர் என்ற பழைய கருவியில் ஒரு வழி இருக்கிறது. அதில் ஷோ ஓவர்க்ளாக்கிங் பட்டனின் மேல் ரைட் க்ளிக் செய்தால் மல்டி டிஸ்ப்ளே பவர் சேவர் திறக்கும். கார்டை டிக் செய்தால் அது கார்டை பி8-இல் பிடித்து வைக்கும். கேம்களின் பெயரைப் பட்டியலில் சேர்த்தால் அவை ஓடும்போது மட்டும் பிடியை விடும். ஜிபியு பயன்பாடு ஒரு அளவைத் தாண்டினால் விடும்படியும் அமைக்கலாம்.

டிரைவர் எதற்காகப் பயந்து ஒதுங்குகிறதோ அதையே இந்தக் கருவி செய்யச் சொல்கிறது. ஒவ்வொரு முறை வேகம் மாறும்போதும் இரண்டாவது திரை ஒருமுறை மின்னலாம். பயன்பாட்டு அளவை மிகக் குறைவாக வைத்தால் பிரவுசரை ஸ்க்ரோல் செய்யும்போதெல்லாம் வேகம் ஏறி இறங்கித் திரை மின்னிக்கொண்டே இருக்கும். அளவை 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தொடங்குங்கள். வீடியோ பார்க்கும்போது தடுமாறினால் வீடியோ பிளேயரைப் பட்டியலில் சேருங்கள். 4கே திரைகளில் கோடுகள் தெரிந்தாலோ டிரைவர் நின்று மறுபடி தொடங்கினாலோ இந்த வழியை விட்டுவிடுங்கள்.

லினக்ஸில் ஏஎம்டி கார்டுக்கு, டிரைவரின் பவர் அளவை மேனுவல் என்று மாற்றி, மெமரி நிலைகளின் பட்டியலில் பூஜ்யத்தைத் தேர்ந்தெடுத்தால் இதே விளைவு. கேம் தொடங்கும் முன் ஆட்டோவுக்கு மாற்ற மறந்தால் கேம் நத்தைபோல் ஊரும்.

இறங்கவே இல்லை என்றால் சூட்டை எப்படிக் கையாள்வது

எந்த வழியும் பலிக்காத மானிட்டர் ஜோடிகள் உண்டு. 50, 55 டிகிரியில் சும்மா இருப்பதால் கார்டு கெட்டுப்போகாது. ஆர்டிஎக்ஸ் 3080-க்கு என்விடியா குறிப்பிடும் உச்ச வெப்பநிலை 93 டிகிரி. அதோடு ஒப்பிட்டால் 55 ஒன்றுமே இல்லை. இங்கே உண்மையான தொல்லைகள் மூன்று: ஃபேன் அடிக்கடி சுழன்று நிற்பது, அறை சூடாவது, மின்சாரம்.

மின்சாரத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு நிலைகளில் குறித்த போர்டு பவருக்கு இடையே 30 வாட் வித்தியாசம் என்றால், நாளைக்கு 10 மணி நேரம், 60 நாளுக்கு 18 யூனிட். 80 வாட் வித்தியாசம் என்றால் 48 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதாலும், 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டணப் படிநிலையே மாறுவதாலும், எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு இந்த 48 யூனிட் பெரிதாகத் தெரியும். கோடையில் ஏசி இல்லாத அறைக்குள் அந்த 80 வாட் முழுவதும் சூடாகத்தான் வெளியேறுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஃபேன் தொல்லைக்குக் காரணம் ஜீரோ ஆர்பிஎம் வசதி. 50 முதல் 60 டிகிரிக்குள் ஓரிடத்தில் கார்டு ஃபேனை இயக்கும், கொஞ்சம் குளிர்ந்ததும் நிறுத்தும். மெமரி இறங்காத கார்டு சரியாக அந்த எல்லையில் வந்து நிற்பதால் ஃபேன் நாள் முழுக்கத் தொடங்குவதும் நிற்பதுமாக இருக்கிறது. தொடங்கும் ஒவ்வொரு தடவையும் வரும் சத்தம்தான் காதில் விழுகிறது. ஆஃப்டர்பர்னரில் ஃபேன் டேபுக்குப் போய்ச் சொந்த வளைவு போடுங்கள்: 50 டிகிரி வரை 30 சதவீதம், 60-இல் 45, 70-இல் 60, 80-இல் 85. ஹிஸ்டெரிசிஸ் என்ற இடத்தில் 5 போடுங்கள், ஒரு டிகிரி ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் வேகம் மாறாது. 30 சதவீதத்தில் ஒரே சீராகச் சுழலும் ஃபேனின் சத்தம் கேபினெட் ஃபேன்களோடு கலந்துவிடும். ஏஎம்டியில் அட்ரினலினின் பெர்ஃபார்மன்ஸ், டியூனிங் பக்கத்தில் ஜீரோ ஆர்பிஎம்மை அணைத்துவிட்டு இதே எண்களைப் போடலாம்.

மெமரியின் சூடு கோர் வெப்பநிலையில் தெரியாது. ஜிடிடிஆர்6எக்ஸ் உள்ள கார்டுகளில் எச்டபிள்யூஇன்ஃபோவில் மெமரி ஜங்ஷன் என்ற வரியைப் பாருங்கள். அது 110 டிகிரியை எட்டினால் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சும்மா இருக்கும்போது 60, 70 என்பது பிரச்சினை இல்லை. கேமில் 100-ஐத் தாண்டினால் காற்றோட்டத்தைச் சரிசெய்ய வேண்டும்.

ஒரு திரையில் கேம், இன்னொன்றில் வீடியோ என்று ஓட்டுகிறவர்களுக்கு அண்டர்வோல்டிங், அதாவது கார்டைக் குறைந்த வோல்டேஜில் ஓட்டுவது, நல்ல பலன் தரும். அதைவிட எளிய வழி, ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்குவது. பெரும்பாலான கேம்களில் ஃபிரேம் இழப்பு சில சதவீதம்தான், சூடு கண்கூடாகக் குறையும். இன்னும் சரியாகச் செய்ய வேண்டுமானால் கன்ட்ரோல், எஃப் இரண்டையும் அழுத்தி வோல்டேஜ் வளைவைத் திறங்கள். கோர் க்ளாக் ஸ்லைடரை 250 அளவு கீழே இறக்கி, 875 மில்லிவோல்ட் புள்ளியை மட்டும் 1800 மெகாஹெர்ட்ஸுக்குத் தூக்கி, அப்ளை கொடுங்கள். அதற்கு வலப்பக்கம் உள்ள புள்ளிகள் எல்லாம் தட்டையாகிவிடும். ஆர்டிஎக்ஸ் 30 வரிசைக்கு இது நல்ல தொடக்கப் புள்ளி. கேம் நின்றுபோனால் 25 மில்லிவோல்ட் ஏற்றுங்கள். ஒரு மணி நேரம் கனமான கேமை ஓட்டிப் பார்க்காமல், விண்டோஸோடு தானாகத் தொடங்கும்படி அமைக்க வேண்டாம்.

கேமின் ஃபிரேம் ரேட்டுக்கும் வரம்பு போடுங்கள். 144 ஹெர்ட்ஸ் திரையில் ஃப்ரீசிங் அல்லது அதேபோன்ற என்விடியாவின் ஜிசிங்கோடு 141. அதற்கு மேல் உருவாகும் ஃபிரேம்கள் உங்கள் கண்ணுக்கு வருவதில்லை, சூடாக மட்டும் வருகின்றன.

ஒவ்வொரு டிரைவர் புதுப்பிப்புக்கும் பிறகு முதலில் செய்த மூன்று நிமிடச் சோதனையை ஒருமுறை செய்யுங்கள். கஸ்டம் ரெசல்யூஷனும் ஃபேன் வளைவும் புதுப்பிப்பில் அழிந்துபோவதுண்டு. எதிர்த்திசையிலும் நடக்கும்: முன்பு இறங்காத 144 + 60 ஜோடி புது டிரைவரில் தானாக இறங்கத் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் என்விடியா இன்ஸ்பெக்டரை எடுத்துவிட்டு, மானிட்டரை அதன் முழு வேகத்துக்கே திருப்பிவிடுங்கள்.